பட்டினியில் பூக்கும் செடி

எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது, சார். சமைக்கத் தெரியும். என் வீட்டிலிருந்து யாரையும் பசியோடு அனுப்பியதில்லை.

எங்கள் கோவிலம்பாக்கம் வீட்டு மாடியில் இருந்த பேங்க்சியா செடி, எங்களோடு இருந்த என் கணவரின் அக்கா அபிகாயிலுடையது. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் அவர் மகன் டெனிஸ் விதை கொண்டுவந்து கொடுத்தான். சோளக்கதிர் போல நிமிர்ந்து நிற்கும் பூவாம். அந்த ஊர்க் கடலோரத்து வெறும் மணலில் தானாக வளருமாம். "உரம் மட்டும் போட்றாதீங்க அத்தை, செத்துடும்" என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

மூன்றாவது முறையும் கரு கலைந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அக்கா தடுத்தார்.

"நீ தொடாத கிருபா. உன் கைல எதுவும் தங்காது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பள்ளிக்கூட டீச்சர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

அதற்குப் பிறகுதான் அவர் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து, மண்ணைக் கிளறி டி.ஏ.பி. உரம் போட்டு வந்தேன். இலைகள் ஓரத்தில் கருகின. முதல் மொட்டு விரியாமலே காய்ந்தது. அக்கா தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கு நன்றாக இருந்தது.

சில வருஷம் கழித்து அவருக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தது. இளநீர், வாழைப்பழம் கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். அக்காவுக்குத்தான் நாக்கு கேட்கவில்லை.

"ஒரு வாய் இளநீர் குடேன் கிருபா. டாக்டருக்கு இன்னா தெரியும்?"

கொடுத்தேன். கேட்காத நாளிலும் கொடுத்தேன். வாழைப்பழத்தைப் பாலில் அடித்துக் கொடுத்தேன். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. "நீ இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே கையைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதயம் நின்றுவிட்டது. சொந்த மகள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று அடக்கத்துக்கு வந்த சபையார் சொன்னார்கள்.

ஆமாம், தெரிந்தேதான் கொன்றேன். ஆனால் வாக்குமூலத்தில் பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். தொட்டிப் பக்கத்தில் அக்கா சொன்னதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். என்ன புடவை கட்டியிருந்தார் என்றுகூட நினைவில்லை. மயில்கழுத்து நிறம், முந்தானையில் சாக்பீஸ் தூள், அவ்வளவுதான்.