இடது கையால் வரைந்த படங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம். தாம்பரத்தில் ரயில் கிளம்பக் காத்திருந்தபோது, எதிர் சீட்டில் இருந்த டீச்சர் பக்கத்திலிருந்த இளைய டீச்சரிடம் சொன்னார்:

“அத்தனை படத்தையும் இடது கையாலதான் வரைஞ்சேன்.”

“ஏன்க்கா, வலது கைக்கு என்ன?”

“வலது கையால வரைஞ்சா அழகா வந்துடுது. மூணாங்கிளாஸ் பசங்க வரைஞ்ச மாதிரி தெரியணுமே! இன்ஸ்பெக்‌ஷன் வருது, ஸ்கூல் முன்னேறின மாதிரி இருக்கணும்னு ஹெச்.எம். சுவர் பூரா படம் மாட்டச் சொல்லிட்டாங்க.”

“பசங்களையே வரையச் சொல்லியிருக்கலாமே?”

“டிராயிங் பீரியட்லதான் கணக்கு நடத்தறோமே. அதுங்க எப்ப வரையும்?”

ரயில் நகர்ந்தது.

“இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார்?”

“பிள்ளைங்க கைவண்ணம் பிரமாதம்னார். ஒரே ஒரு படத்தை மட்டும், ‘இது பெரியவங்க போட்டது, கழட்டுங்க’ன்னார். ஏரியில எருமை முங்கிக் கிடக்கு, கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே தெரியுது. பீர்க்கன்கரணையிலேர்ந்து வர்ற ஒரு பொண்ணு வீட்லயே வரைஞ்சு எடுத்துட்டு வந்தது. சுவத்துல அது ஒண்ணுதான் பிள்ளை வரைஞ்ச படம்.”

“நீங்க சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? அப்ப மத்ததெல்லாம் யார் வரைஞ்சதுன்னு கேப்பாரே!”

சானடோரியம் ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. இளையவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணு?”



“படத்தைச் சுருட்டி அது கையில குடுத்தேன். ‘நல்லா இல்லையா மிஸ்?’னு கேட்டுச்சு. ‘ரொம்ப நல்லா இருக்குடி, அதான் தொல்லையாப் போச்சு’ன்னேன்.”