பிழையில் தன் பங்கையும் எழுதவைத்த பிரதான ஜெயிலர் குணமணி அம்மையாருக்கு

முப்பத்திரண்டு ஆண்டுகள் காக்கி உடையின் கண்ணியம் காத்து, கண்டிப்பும் கனிவும் கலந்து எம்மை வழிநடத்தி, இன்று ஓய்வுபெறும் பிரதான ஜெயிலர் திருமதி குணமணி இரகுநாதன் அம்மையீர்!

யாழ்ப்பாணத்தில் பிறந்து ஊவா மலைநாட்டுச் சிறைக்கு மாறி வந்து, பெண்கள் பிரிவின் பதினெட்டுக் காவலர்களுக்குத் தலைவியான உங்கள் சிறப்புகளை அடுக்கினால் நீங்களே முகம் சுளிப்பீர்கள். ஆகவே சபையோர் அறிய ஒரு நாளை மட்டும் சொல்கிறோம்.

மூன்றாண்டுக்கு முந்திய கார்த்திகை அடைமழை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, காவலர் சுபாஜினியின் தாய் ராசம்மா இருந்த லயம் எனும் குடியிருப்பு வரிசை புதைந்ததாகக் காலையில் செய்தி வந்தது. வீதி மூடிக் கிடந்தது. மாற்று ஆட்கள் வந்து சேரவில்லை. மாலைவரை சமாளிக்கும்படி சொல்லி, அம்மையார் சுபாஜினியைத் கைதிகளின் தையற்கூடத்து வாசலிலேயே நிறுத்தினார். நண்பகல் கணக்கெடுப்பில் அந்தக் கதவு பூட்டப்படாமல் இருந்தது தெரிந்தது. எவரும் தப்பவில்லை. ஆயினும் சிறையில் அது சிறு பிழையன்று.

“மறந்துட்டேங்க மேடம். வேலை போயிருமா?” என்றார் சுபாஜினி. அம்மையார் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, வீதி திறந்திருந்த இடம்வரை அவரை ஜீப்பில் அனுப்பிவைத்தார். ராசம்மா தோட்டப் பாடசாலையில் உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் மாலையில் கிடைத்த பிறகே அம்மையார் தேநீர் குடித்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, அம்மையாரின் பதவியுயர்வு நேர்முகம் அடுத்த மாதம் என்பதை நினைவூட்டி, காவலரின் பெயரோடு அறிக்கையை முடித்துவிடலாம் என்றார். பல வருடம் காத்திருந்த அத்தியட்சகர் பதவி. அறிக்கை எழுத அமர்ந்திருந்த எழுதுவினைஞர் மர்லியாவின் பக்கம் அம்மையார் திரும்பினார்.

“பூட்டாமல் விட்டது சுபாஜினி. தாய் இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாத பிள்ளையைக் காவலுக்கு நிப்பாட்டினது நான். ரெண்டையும் எழுதுங்கோ.”

சுபாஜினி எச்சரிக்கையோடு தப்பினார். அத்தியட்சகர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. வீட்டிலிருந்து துயரச் செய்தி வந்தவர் கையில் சாவி இருக்கக்கூடாது, ஆளில்லையென்றால் ஜெயிலரே நிற்கவேண்டும் என்று அந்த வாரமே அம்மையார் கட்டளைப் புத்தகத்தில் எழுதினார். அப்படிப் பதினொரு தடவை தாமே நின்றார்.

அம்மையீர், அன்றிலிருந்து எங்களில் எவரும் பிழை செய்தால் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டினோம். ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. உங்களிடம் வேலை பழகியவர்கள் என்று சொல்லிக்கொள்வதே எங்களுக்குப் பெருமை. நோய்நொடியின்றி, நிறைந்த ஆயுளோடு, இனியாவது விடியும்வரை நிம்மதியாக உறங்குங்கள்.

இங்ஙனம்,
சார்ஜன்ட் சுபாஜினியும்
பெண்கள் பிரிவுக் காவலர்களும்