பின்படிக்கட்டில் ஒரு பரிசளிப்பு

பரிசு பெற வந்திருக்கும் பிள்ளைகளே, பெற்றோரே, முதலில் ஒரு விஷயத்தைத் திருத்திவிடுகிறேன். போன வருடம் இதே விழாவுக்கு விருந்தினராக வந்தபோது எனக்கு நடு நாற்காலி தரவில்லை என்று கோபித்துக்கொண்டு நான் பாதியில் எழுந்து போய்விட்டதாக ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. நான் கான்வென்டில் படித்தவள். எந்த விழாவிலிருந்தும் பாதியில் எழுந்து போனதில்லை. தேசிய கீதம் முடிந்த பிறகுதான் போனேன். விருந்துக்கு நிற்கவில்லை, அவ்வளவுதான். ஏன் நிற்கவில்லை? அது ஒரு குட்டிக் கதை. கேளுங்கள்.

போன வருடம் பத்தாம் வகுப்பில் நம் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவள் மோனிஷா. அவளுடைய அப்பா தணிகைவேல், டவுன் பஸ் கண்டக்டர். அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அப்பா மட்டும் ஒரு நண்பரிடம் கெஞ்சிக் காலை டிரிப்பை மாற்றிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு வந்து சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றார். மகள் பரிசு வாங்குவதைப் பார்க்க வேண்டும். வேறு எதற்கும் அவர் வரவில்லை.

மேடையில் என்ன நடந்தது? பொன்னாடை நடந்தது! தலைவருக்கு ஒன்று. கவுன்சிலருக்கு ஒன்று. போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்தினார். போட்டோ சரியாக விழவில்லை என்று கழற்றி மறுபடியும் போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று விழுந்தது... உச்சி வெயிலில்! பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை... பிள்ளைகளின் பரிசு? அது நிகழ்ச்சி நிரலில் கடைசி வரி.

நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் வாட்சைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடியும் வாட்சைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்துக் கையை உயர்த்தி, ‘போறேம்மா’ என்று சைகை காட்டிவிட்டு... போய்விட்டார். மோனிஷா எழுந்தாள்.

“உக்காரும்மா! சீஃப் கெஸ்ட் பேசறாங்க இல்ல?” என்றார் பி.டி. சார்.

உட்கார்ந்தாள்.

அவள் முறை வந்தபோது பாதி நாற்காலிகள் காலி. கோப்பையை வாங்கினாள். “சிரிம்மா” என்றார் போட்டோக்காரர். சிரிக்கவில்லை. தேசிய கீதம் முடிந்ததும் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “நான் சாப்பிட நிக்கல மேடம். எங்கப்பா பஸ் இப்ப ரிட்டர்ன் வரும்.”

நான் என்ன செய்வேன்? “நடம்மா, நானும் வருகிறேன்” என்றேன்.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். பின்படிக்கட்டில் அவர் நின்று கத்திக்கொண்டிருந்தார்: “உள்ள போ, உள்ள போ! நடுவுல ஃபுட்பாலே ஆடலாம், உள்ள போ...” மகளைப் பார்த்தார்.

“ஏய்... வாங்கிட்டியா?”

அவள் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். நாங்கள் ஏறினோம். அவர் விசிலை வாயில் வைத்தார். ஊத வரவில்லை.

முன்னாலிருந்து டிரைவர் கத்தினார்: “யோவ் தணிகை! விசிலை முழுங்கிட்டியா?”

“அண்ணே... என் பொண்ணுண்ணே. ஸ்கூல்ல ஃபர்ஸ்ட்டுண்ணே.”

மீன் கூடையோடு இருந்த ஓர் அம்மாள் கேட்டார்: “எவ்ளோ பாப்பா மார்க்கு?”

“நானூத்தித் தொண்ணூத்தி மூணு. ஐந்நூறுக்கு.”

“மீதி ஏழு எங்கடி போச்சு?”

பஸ் முழுக்கச் சிரிப்பு. மோனிஷாவும் சிரித்தாள். அன்றைக்கு அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

“நீ பாத்தியாய்யா, பொண்ணு கப்பு வாங்கறத?” என்று கேட்டார் டிரைவர். கண்டக்டர் டிக்கெட் பையைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். “அப்ப இப்ப பாரு. பாப்பா, நீ முன்னால வா. கப்பை அப்பாகிட்ட குடுத்துட்டு வா, பேரைக் கூப்பிட்டதும் நடந்து போய் வாங்கு. மேடம், நீங்க பேரைக் கூப்பிடுங்க!”

எனக்கு மைக் தேவையில்லை. “பத்தாம் வகுப்பு, முதல் மதிப்பெண்... த. மோனிஷா!” என்று கூப்பிட்டேன்.

அந்த நெரிசலில் வழி விட்டார்கள், ஐயா! இடமே இல்லாத பஸ்ஸில் ஒரு குழந்தை நடந்து வர வழி விட்டார்கள். அவர் காக்கிச் சட்டையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கோப்பையைக் கொடுத்தார். அவள் வாங்கினாள். என்ன கைத்தட்டல்!

மீன்கார அம்மாள் தன் துண்டை உருவினார்: “பொன்னாடை வேணாமா?”

“அய்யய்யோ, வேணாம்மா! லேட்டாயிடும்!” என்றார் கண்டக்டர்.

பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. இப்போது விசில் வந்தது. கொஞ்சம் நடுங்கித்தான் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? கோப்பை ஒன்றுதான். மேடையில் வாங்கியபோது அது வெறும் பித்தளை. அப்பாவின் கண் பட்ட பிறகுதான் அது பரிசு. ஒரு வருடம் விடியற்காலையில் எழுந்து டீ போட்டுக் கொடுத்தவர்கள், கரண்ட் போனபோது விசிறியவர்கள், அவர்கள் பார்க்காமல் கொடுப்பதற்குப் பரிசளிப்பு என்று பெயர் வைக்கலாமா? சொல்லுங்கள்... வைக்கலாமா?

அதோ, ஆஸ்பத்திரிச் சீருடையில் ஓர் அம்மா கைப்பேசியைப் பார்க்கிறார். கடைசி வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அப்பா. எல்லாரும் கடன் வாங்கிய நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் மேடையில் இருப்பவர்கள் சாயங்காலம்வரை பேசுவோம். எங்களுக்கு வேறு வேலை இல்லை.

தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, நான் இப்போது உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்த வாழ்த்துரைக்கு முன் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அடுத்த வருட அழைப்பிதழில் பரிசளிப்பு முதலில், பேச்சு பிறகு என்று அச்சிடுவீர்களா? “பார்க்கலாம் மேடம்” என்று தலையாட்ட வேண்டாம். உண்டு அல்லது இல்லை... ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.