ஒரே குளியலில் பிறந்த எழுத்துரு

இருப்பதிலேயே உயரமான நாற்காலியில் அமர்ந்திருக்கும் அச்சக உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, அவருக்கு முன்பே வந்தும் பின்வரிசை பெற்ற பெரியோர்களே, பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, தேநீருக்காகப் பொறுத்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

தலைவரின் அச்சகத்தில் பத்தாண்டுகளாகப் பிழை திருத்துகிறவள் நான். இன்று அவர் வெளியிட்ட 'தலைவர் தமிழ்' என்னும் அலங்கார எழுத்துருவுக்கு நன்றியுரை சொல்லப் பணித்திருக்கிறார்கள். சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ஒருநாள் காலையில குளிச்சிட்டு இருந்தேன், அப்படியே தோணிச்சு" என்றார் தலைவர். என்னே ஆற்றல்! இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் ஒரே குளியலில். அவர் வீட்டுக் குழாயில் தண்ணீரா வருகிறது? தமிழல்லவா வருகிறது.

என் தங்கைக்கு அந்தக் குழாய் வாய்க்கவில்லை. கால் முறிந்து எட்டு மாதம் கட்டிலில் கிடந்தாள். கண்ணெதிரே ஒரு ஜன்னல். அதில் சுருள் சுருளாய் இரும்புக் கம்பி. அந்தச் சுருளை எழுத்தின் தலையில் வைத்தாள், வாலில் வைத்தாள், வளைத்தாள், அழித்தாள், மறுபடியும் வளைத்தாள். ககரத்துக்கு மட்டும் பதினேழு நாள். 'ஜன்னல்' என்று பெயரிட்டு இணையத்தில் இலவசமாகக் கொடுத்தாள். "காசெல்லாம் வேணாம்க்கா. செஞ்சது நான்னு ஒரு வரி இருந்தாப் போதும்" என்றாள். 'ஜன்னல்' இன்று 'தலைவர் தமிழ்' ஆனபோது அந்த ஒரு வரிதான் காணாமல் போயிற்று.

என்ன ஐயா, "ஆதாரம் இருக்கா" என்கிறீர்களா? உங்கள் மடியிலேயே இருக்கிறது. வாசலில் கொடுத்த எழுத்துரு மாதிரிப் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டுங்கள். எழுத்தின் அழகைக் காட்ட நாலு வரி வேண்டுமென்று, எழுத்துருவோடு வந்த உரிமக் குறிப்பையே பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அவள் பெயரைத் தேடிப் பிடித்து நீக்கியவர்கள் மற்ற வரிகளைப் படித்தார்களா? இல்லை. தலைவர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டாரா? போட்டார். பிழை திருத்துகிறவள் படித்தாளா? வரிவரியாகப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை, விட்டுவிட்டேன்.

உரக்கப் படியுங்கள் அம்மா: "கால் முறிந்து கிடந்தபோது ஜன்னல் கம்பியைப் பார்த்து வரைந்தேன். யாரும் பயன்படுத்தலாம். என் பெயரை நீக்கினால் அந்த நிமிடமே அனுமதி முடிகிறது."

தலைவர் அவர்களே, தங்கள் கால் எப்போது முறிந்தது? சொல்லியிருந்தால் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்திருப்போமே.

ஆக, அனுமதி முடிந்தது. அந்த எழுத்தில் அச்சடித்த பின்னால் தொங்கும் பதாகை, மேசைமேல் சான்றிதழ், வாசலில் வரவேற்புப் பலகை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். மைக்கை அணைக்கச் சொல்கிறார்கள், சீக்கிரம் முடிக்கிறேன். நாளை எனக்கு வேலை இருக்காது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த மாட்டேன்.

அதோ, படியேறி வருகிறாள் என் தங்கை. மெதுவாகத்தான் வருவாள். பெயரை நான் சொல்லப் போவதில்லை, அவளே சொல்லட்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி, வணக்கம். வாம்மா, மைக்கைப் பிடி.