மூன்று என்று எழுதினேன்

எனக்கு டீ வேண்டாம் மேடம். பதினொரு மணிக்கு மேல் குடித்தால் நெஞ்சு கரிக்கும். விசாரணைக்கென்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும்.

என் பெயர் ஜெயராணி. இந்த ஆஸ்பத்திரி லேபில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். ஒன்றரை வருஷத்துக்கு முன் மெடிக்கல் காலேஜ் டாக்டர்கள் அந்த ஆய்வைக் கொண்டுவந்தார்கள். கர்ப்பிணிகளின் வெள்ளைப்படுதலைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து மார்க் போட வேண்டும். நல்ல கிருமிகள் நீளக் குச்சிகளாகத் தெரியும். அவை இருந்தால் மார்க் மூன்றுக்குள் நிற்கும். அவை போய், ராகி மாவு தூவியதுபோல் பொடிக் கிருமிகள் மண்டியிருந்தால் ஏழு, எட்டு என்று ஏறும். ஏழு வந்துவிட்டால் ஒரு வாரம் மாத்திரை. கொடுக்காவிட்டால் குழந்தை நாளுக்கு முன்னால் பிறந்துவிடலாம் என்று எங்களுக்கு வகுப்பே எடுத்தார்கள். நன்றாகவே புரிந்தது. எனக்குப் புரியவில்லை என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

ஏழோ அதற்கு மேலோ வந்தால் ரிப்போர்ட் சீட்டில் கடைசியாக ஒரு வரி வரும். 'தொற்று உள்ளது, கணவரை அழைத்து வரவும்.' எங்கள் பக்கத்து நிலவரம் தெரியாத யாரோ எழுதிய வரி. இங்கே பாதிப் பேரின் புருஷன்மார் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். மாசத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு.

முதன்முதலில் எட்டு வந்தது ஏரியூர்ப் பக்கத்துச் சுகுணாவுக்கு. அவள் மாமியார் மாதம்மாள் சீட்டை வராந்தாவில் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அப்புறம் ஆஸ்பத்திரியே கேட்கும்படி கத்தினாள். "எம் பையன் பெங்களூர்ல கெடக்கறான். இவளுக்கு எங்கிருந்து வந்துச்சு இந்தச் சீக்கு?"

"இது அப்படி வர்ற சீக்கு இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க அவளுக்குப் பரிஞ்சுகிட்டுதான் பேசுவீங்க" என்றாள். அன்றைக்கே சுகுணாவைத் தாய் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். குழந்தைக்கு ஒரு வயதாகிறது. அவள் புருஷன் மாதேஷ் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை மேடம். நான் எழுதிய ஒரு எண்ணால் ஒரு பெண் வாழாவெட்டியாகி நின்றாள். அடுத்து ஏழு வந்தவளுக்கு மூன்று என்று எழுதினேன். அவள் மாமியாரோடு சிரித்துப் பேசிக்கொண்டே பஸ் ஏறினாள். அதற்கடுத்தவளுக்கும் மூன்று. எழுதப்போவது மூன்றுதான் என்றான பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பார்ப்பதை விட்டேன். பார்க்காத தகட்டுக்குச் சாயம் எதற்கு? அதையும் விட்டேன். வேலை சுலபமானது என்பதை நான் மறுக்கவில்லை.

சசிகலா பாப்பாரப்பட்டிக்காரி. ஐந்தாம் மாதத்தில் இரண்டு தடவை வந்தாள். "அக்கா, மீன் நாத்தமா அடிக்குதுக்கா. யார் பக்கத்துலயும் உக்காரவே வெக்கமா இருக்குது. நல்லா பாத்துச் சொல்லுங்க."

அவள் திருப்திக்காகத் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "ஒண்ணுமில்ல கண்ணு, மூணுதான்" என்றேன். ஆறாம் மாதம் பனிக்குடம் உடைந்தது. பையன். இரண்டு நாள் இருந்தான். பிறகு ஒருநாள் சசிகலா லேபுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்று அழுதாள். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை, ரிப்போர்ட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் என்னால்?

அவளைப்போல இன்னும் பதினொரு பேர் என்று ஆய்வு டாக்டர் மாதவராஜ் சொல்கிறார். மறுபரிசோதனைக்காக என் தகட்டுப் பெட்டியைத் திறந்தாராம். இருநூற்றுச் சொச்சம் தகடுகளில் சாயமே இல்லையாம். சரிதான். எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் நீங்கள் இப்போது ஒன்று கேட்டீர்கள். சீட்டில் மூன்று என்றே எழுதியிருந்தாலும், மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் அவர்கள் கையில் கொடுத்திருக்கலாமே, உன் அலமாரியில்தானே இருந்தது என்று. அலமாரியில்தான் இருந்தது. சாவியும் என்னிடம்தான். ஆனால் மேடம், ஏழு மார்க் இல்லாதவர்களுக்கு மாத்திரை கொடுக்கக் கூடாது என்று ஆய்வு விதியில் தெளிவாகப் போட்டிருக்கிறது. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு விதியைக்கூட மீறியதில்லை.