மாப்பிள்ளையோட கைராசி

காபிக்கு நன்றிங்க இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்ல, குடிச்சுக்கறேன். கேட்டதுக்கெல்லாம் மழுப்பாம பதில் சொல்றேன்.

ஆஸ்பத்திரியோட ரத்த வங்கி வெப்சைட்டை ஆரம்பத்துலேர்ந்து பாத்துக்கிட்டது நான்தான். யாருக்காவது ரத்தம் வேணும்னா டாக்டர் அதுல ஒரு பட்டனை அழுத்துவாங்க. அந்த குரூப் ஆளுங்க எல்லாருக்கும் மெசேஜ் போகும், ஓடி வருவாங்க. என் தங்கச்சி புருஷனுக்கு அங்க வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதையும் எழுதிக்குங்க.

பழைய சர்வர்லேர்ந்து புதுசுக்கு மாத்தற பொறுப்பை மேனேஜர் மாப்பிள்ளைகிட்ட கொடுத்தார். அவரும் பிசிறில்லாம முடிச்சார். "உங்க மாப்பிள்ளைக்கு நல்ல கைராசி"ன்னு மேனேஜர் என்கிட்டயே வந்து சொன்னார். வயிறு எரிஞ்சுது, சிரிச்சு வெச்சேன். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஆனா செல்போன் மக்கர் பண்ணினாக்கூட "அண்ணா"ன்னு ஓடி வந்த என் தங்கச்சி, இப்போ "அவரே பாத்துக்குவார்ணா, உனக்கு எதுக்குச் சிரமம்"னா. அன்னிக்குச் சாப்பாடு இறங்கல.

ஒரே நேரத்துல எத்தனை பேர் சைட்டுக்குள்ள வரலாம்னு சர்வர்ல ஒரு எண் இருக்கும். அதுக்கப்புறம் அடிக்கடி வீட்லேர்ந்தே அதைக் குறைச்சு விடுவேன். கூட்டம் சேர்ந்ததும் சைட் படுத்துக்கும். உடனே பழையபடி வெச்சுடுவேன். மாப்பிள்ளை வந்து பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும். மெமரியைக் கூட்டிப் பாத்தார், புரோகிராமை ஒரு வரி விடாமப் படிச்சார், மண்டையை உடைச்சுக்கிட்டார். ஆளே பாதியாயிட்டார் பாவம். "மச்சான், புரியல, வந்து பாருங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன். கேக்கல.

தங்கச்சிக்குப் பிரசவமான அன்னிக்கும் குறைச்சு வெச்சிருந்தேன். பழக்கம்தான். மத்தியானம் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினார். குழந்தை நல்லா இருக்காம். தங்கச்சிக்கு ரத்தப்போக்கு நிக்கலையாம். அவ குரூப் கையிருப்புல இல்லையாம், சைட் விழுந்து கிடக்காம்.

"மச்சான், எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்கதான் காப்பாத்தணும்."

"சரியாக் கேக்கல மாப்பிள்ளை, இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னேன்.

நல்லாத்தான் கேட்டுது. அழுதுக்கிட்டே திருப்பிச் சொன்னார்.

வீட்லேர்ந்தே மாத்தியிருக்கலாம், நொடி வேலை. ஆனா மாப்பிள்ளைதான் சரி பண்ணினார்னு பேசியிருப்பாங்க. அதனால காபியைக் குடிச்சு முடிச்சு, நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். எல்லாரும் சுத்தி நிக்க உட்கார்ந்தேன். உடனே சரியாச்சு. மேனேஜர் தோளைத் தட்டிக் கொடுத்தார். ரத்தம் கொடுக்க ஆளுங்க வரிசையா வந்து நின்னாங்களாம். அதுக்குள்ள அவ போயிட்டா.

எண்ணைக் குறைச்சது நான்தான், ஒத்துக்கறேன். கையெழுத்தும் போடறேன். ஆனா ஐயா, ஆபத்துன்னு வந்தப்போ தங்கச்சிக்காக ஓடிப் போனதும் நான்தான். அதையும் எழுதிக்குங்க.