கண்ணாடியைக் கழட்டின அம்மா

இல்லீங்க, சும்மா சொல்லல, போன்ல அந்த விளையாட்டை மூடிடுங்க. நர்ஸ் இப்பதானே சொட்டு மருந்து விட்டுட்டுப் போனாங்க? கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க. ஆங், அப்படித்தான். மூடிக்கிட்டே கேளுங்க, எனக்கும் அதுதான் வசதி.

இலவசம்தான், யாரு இல்லேன்னா? டவுன்லோடு கூட வேண்டாம், தொட்டா திறந்துக்கும். நடுநடுவுல விளம்பரம் வருதில்ல, அதுல எனக்கும் ஒரு பங்கு. ஆமாங்க, எனக்குத்தான். என் லிங்க் வழியா உள்ள போனவங்க ஆடுற வரைக்கும் எனக்கு வந்துக்கிட்டே இருக்கும். இதான் என் பொழப்பு. தூ.

ஆளு எப்படி வருவாங்களா? நல்லாக் கேட்டீங்க. கலர் குமிழி உடைக்கலாம் வாங்கன்னா எவன் வருவான்? கதை கட்டணும். நான் ஒரு அம்மாவைக் கற்பனையா உருவாக்கினேன். ரிட்டயர் ஆன லைப்ரரியன். கண் அழுத்தம், பார்வை மங்கல். தினம் அரைமணி நேரம் இதை ஆடினாங்களாம், ஆறே வாரத்துல கண்ணாடியைக் கழட்டிட்டாங்களாம். போட்டோவா? எங்கேயோ சுட்டது. எந்த மகராசியோ, பாவம்.

அந்த அம்மாவே எழுதின மாதிரி நெட்டுல போட்டேன், பிச்சுக்கிட்டுப் போச்சுங்க. கீழ வரிசையா கமெண்ட், நன்றி அம்மா, நீங்க நல்லா இருக்கணும்மான்னு. நானும் மூணு நாளு ஷேவ் பண்ணாத மூஞ்சியோட கட்டில்ல கெடந்துக்கிட்டு, நல்லா இரு கண்ணுன்னு ஒவ்வொருத்தருக்கா பதில் போடுவேன்.

அதுல ஒருத்தி. பேரு கூட இல்ல, ஒரு பூ படம் மட்டும். டாக்டர் குடுத்த சொட்டு மருந்து ரொம்ப எரியுதும்மா, நிறுத்திடலாமான்னு கேட்டா. டாக்டரைக் கேளும்மான்னு ஒரு வரி போட்டிருக்கலாம். போட்டா கதை படுத்துடுமே! நான் எப்பவோ நிறுத்திட்டேன் கண்ணுன்னு போட்டேன்.

ஐயோ, திறக்காதீங்க, திறக்காதீங்க. இன்னும் நேரம் ஆகணும்.

எனக்கா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. துணைக்கு வந்தேன். எங்க அக்கா உள்ள இருக்கா. இடது கண்ணு போயிடுச்சு, வலதையாவது காப்பாத்த முடியுமான்னு பாக்குறாங்க. அந்தப் பூ படம் அவதாங்க. வர்ற வழியில போனை நீட்டி, அந்த அம்மா எனக்குப் போட்ட பதில், படிச்சுப் பாருடான்னா. எழுதினது நான்னு அவளுக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குச் சரியாயிடுச்சு, எனக்குத்தான் கொடுத்து வைக்கலடாங்கறா.